அடிப்பக்கம் பார்ப்பவர்கள்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் உடனே கவிழ்த்து, அடியில் எந்த நாட்டின் பெயர் போட்டிருக்கிறது என்று பார்ப்பவர்கள். பரிசாக வந்த கோப்பை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் பொம்மை, விருந்துக்குப் போன இடத்தில் முன்னால் வைத்த தட்டு (பரிமாறுவதற்கு முன்பே கவிழ்த்துவிடுவார்கள்; அந்த அளவுக்கு நாகரிகம் தெரிந்தவர்கள்), எதுவும் அவர்களிடமிருந்து தப்பாது.

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலையும் அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேபிள் ஃபேனைக் குப்புறப் போட்டார்கள். வேகம் மாற்றும் குமிழ் உடைந்திருந்தது. அப்பா குமிழை விட்டுவிட்டு அடிப்பக்கம் படித்தார்.

"மோட்டார் ஒரு நாடு, இறக்கை ஒரு நாடு, கூண்டு இன்னொரு நாடு. காத்து மட்டும் நம்மளுது."

"புதுசே வாங்கிடலாம்பா. இப்பல்லாம் யாரு ரிப்பேர் பண்றா?"

"உங்க கட்சி அப்படித்தான் சொல்லும்."

அந்த வீட்டில் இரண்டு கட்சிகள். அப்பா அழுத்தமானி செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். கடல் கடந்து மலிவான மானிகள் வந்தன. பிறகு தொழிற்சாலையே கடல் கடந்து போனது. போகும்முன் நிர்வாகம் அவரைக் கேமரா முன்னால் உட்காரவைத்து, அந்த ஊர்க்காரர்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுக்கச் சொன்னது. வேறொருவராக இருந்தால் பாதியை விழுங்கியிருப்பார். இவரோ கண்ணாடியை நகத்தால் எப்படித் தட்டுவது, தட்டியதும் முள் பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்று எந்தக் கோணத்தில் பார்ப்பது என்பதுவரை சொல்லிக்கொடுத்து, புரியாதவர்களுக்கு மறுபடி சொல்லி, அவர்கள் தேறியபோது மகிழ்ந்து, அதன் பிறகே வீட்டுக்கு வந்தார். வேலையில்லாமல்.

"உக்காந்திருந்த நாற்காலிய தூசி தட்டி, மடிச்சுக் கட்டிக் குடுத்துட்டு வந்த மனுஷன் உலகத்துல இவர் ஒருத்தர்தான்," என்பாள் அம்மா.

மகள் எதிர்க்கட்சி. தொலைதூர நாட்டுக் கிடங்குகளின் கணினி முறையை இங்கிருந்து பராமரிப்பவள். அங்கே யாரோ பார்த்துக்கொண்டிருந்த வேலை, இங்கே வந்தது. ஆகவே அவள் தடையற்ற வணிகத்தின் ஆதரவாளர். எந்தக் காற்றில் தூற்றிக்கொள்கிறோமோ அதுதானே நல்ல காற்று?

அப்பா ஒருமுறை கேட்டார். "உனக்கு வேலைய சொல்லிக்குடுத்தாங்களே ஒரு அம்மா, இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியலப்பா."

"நல்லா சொல்லிக் குடுத்தாங்களா?"

"ரொம்ப நல்லா."

"பாவம்," என்றார். சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனவர் மீது இரக்கம் என்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

ஃபேனைப் பிரித்த அந்த வாரமே அவருடைய இதயம் நின்றது. மாற்றுப் பாகம் எந்த நாட்டிலும் இல்லை.

அவரைக் கிடத்தக் குளிர்பெட்டி வந்தது. கூடம் நிறைய ஆட்கள். மகள் பெட்டியின் காலடிப் பக்கம் போனாள். குனிந்தாள். முட்டி போட்டாள். தலையைத் தரையோடு சாய்த்தாள். அடியில் ஒரு தகடு தெரிந்தது.

"ஐயோ, அப்பன் காலடியிலேயே விழுந்துட்டா பாருங்க! தூக்குங்க!" என்று அத்தை அலற, இரண்டு பேர் அவளை அள்ளித் தூக்கினார்கள். அதற்குள் நாட்டின் பெயரைப் படித்துவிட்டாள். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய ஆள் பெட்டிக்குள் இருந்தார். அப்போதுதான் உண்மையாகவே அழுதாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று மேலாளர் திரையில் தோன்றி, முதலில் அனுதாபம் தெரிவித்தார். அடுத்த வாக்கியத்தில், அவளுடைய வேலை இன்னும் மலிவான ஒரு நாட்டுக்குப் போவதாகச் சொன்னார். அந்த ஊர்ப் பையனுக்கு அவள்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். "உங்கள மாதிரி வளைஞ்சு குடுக்கறவங்கதான் இந்தக் காலத்துக்கு வேணும்." வளைந்துகொடுப்பது பெரிய குணம்தான், ஒடிக்கிறவனுக்கு அதில் ஒரு வசதி.

சக ஊழியர் ஒருவர் தனியாகப் போனில் கூப்பிட்டுச் சொன்னார்: "முக்கியமானத மறந்துடுங்க. அவங்க தடுமாறினா இந்த மாத்தமே ஒரு வருஷம் தள்ளிப்போகும்."

நல்ல யோசனை. வீட்டுக் கடன் இருக்கிறது, அம்மா இருக்கிறாள், வேறு வேலை இல்லை. மகள் உறுதியாக முடிவெடுத்தாள்: கஞ்சத்தனமாகக் கற்றுக்கொடுப்பது. கண்ணாடி முன் நின்று "அது எனக்கும் தெரியல" என்று சொல்லிப் பழகக்கூடச் செய்தாள்.

திரையில் அந்தப் பையன் வந்தான். மாதக் கடைசியில் மட்டும் சரக்குக் கணக்கு ஏன் தப்பாக வருகிறது என்று கேட்டான். ஆஹா, தனக்குக் கற்றுக்கொடுத்த அம்மாளிடம் அவளே ஒருகாலத்தில் கேட்ட அதே கேள்வி! எந்த ஆவணத்திலும் இல்லாத விடை. அந்த அம்மாள் வாய்மொழியாகச் சொல்லிப் போனது. மகள் வாயை மூடிக்கொண்டாள். பையன் தானாக ஒரு விடை சொன்னான். தப்பு. அவள் தண்ணீர் குடித்தாள். இன்னொன்று சொன்னான். அதைவிடத் தப்பு.

தப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அந்தக் குடும்பத்தில் யாருக்கு வரும்?

"அப்படி இல்ல, கவனிங்க..." என்று தொடங்கியவள், படம் போட்டு, உதாரணம் காட்டி, அவன் புரிந்ததாகச் சொன்ன பிறகும் நம்பாமல் அவனையே திருப்பிச் சொல்லவைத்து, அவன் சரியாகச் சொன்னபோது "பிரமாதம்!" என்று கைதட்டிவிட்டாள். ரொம்ப நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றான் அவன்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மடிச்சுக் கட்டிக் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சும்மா."

"தூசி தட்டினியா?"

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் எங்கே அச்சடித்தது என்று முன்பக்கத்தில் தேடினீர்களே, அது என்ன? உட்கார்ந்திருக்கிறீர்களே அந்த நாற்காலி, அதையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். உங்களுக்கு முன் அதைத் தூசி தட்டிக் கொடுத்தவர் யார் என்று எழுதியிருக்காது. உங்களுக்குப் பின் உட்காரப் போகிறவர் பெயரும் இருக்காது.

ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வேகம் மாற்றக் குறடு வேண்டும். "நீ போன்ல எதையாவது வரவழைக்காத. நாளைக்கு நானே கடைக்குப் போய், பாத்து வாங்கிட்டு வரேன்," என்று அப்பா சொல்லியிருந்தார். மாதிரி காட்டுவதற்காக எடுத்து வைத்த உடைந்த குமிழ் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. அந்தச் சட்டையை அம்மா இன்னும் துவைக்கப் போடவில்லை.