அருமை அண்ணனும் ஆறு புஷ்ஷும்

பிள்ளைகளா, தட்டாஞ்சாவடியில் அருமை அண்ணன் வாயால் பாராட்டு வாங்காத எதுவுமே கிடையாது. பட்டறை ஃபேன் உட்பட. நான் லேத் பட்டறையில் சேர்ந்தபோது பக்கத்து மெஷினில் நின்றவர் அவர். எதைப் பார்த்தாலும் "அருமை!" என்பார். பேரே அதுவாகிவிட்டது.

டீயை அருமை என்றார். டீக்காரர் மறுநாளே தூளைக் குறைத்துவிட்டார். ஆயுத பூஜையன்று முதலாளி சும்மா முணுமுணுத்ததை அருமை என்றார். முதலாளி நாலு பாட்டு முழுசாகப் பாடினார். சுண்டல் ஆறிப்போனது.

அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. "நிரந்தரம் ஆகட்டும், பொண்ணு தர்றோம்" என்று உங்கள் அம்மா வீட்டில் சொல்லியிருந்தார்கள். அதாவது, நீங்கள் பிறப்பதே அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் படகு இன்ஜினுக்கு ஆறு பித்தளை புஷ், அதாவது துளைக்குள் இறுக்கமாகச் செருகும் வளையம், கடையச் சொன்னார்கள். முதல் புஷ்ஷை அளக்க வெர்னியரை எடுத்தேன்.

"அட, ஒனக்கு எதுக்குப்பா வெர்னியரு? ஒன் கண்ணே வெர்னியருதான்!" என்றார் அருமை அண்ணன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெர்னியரை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, ஆறையும் கண்ணளவிலேயே கடைந்தேன்.

மறுநாள் அரியாங்குப்பத்துப் படகுக்காரர் வந்து, இன்ஜின் பாகத்தில் புஷ்ஷைச் செருகிக் காட்டினார். இறுக்கமாக நிற்க வேண்டியது லொடலொடவென்று ஆடியது. ஆறும் அப்படியே.

"டேய், நாளையிலேர்ந்து வராத!" என்று முதலாளி கத்தினார்.

உங்கள் அம்மா தூரமாகப் போவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

அருமை அண்ணன் ஒரு புஷ்ஷை வெளிச்சத்தில் திருப்பி, "என்னா பளபளப்பு மொதலாளி!" என்றார். படகுக்காரர் அடிக்கவே வந்துவிட்டார். அண்ணன் அசரவில்லை.

"இத்தவிட பளபளப்பு எங்க மொதலாளி மனசுண்ணே. தப்பு பண்ணவன ஒரு நாளும் வெளிய அனுப்ச்சதில்ல, தெரியுமா?"

ரெண்டு மாசத்தில் மூன்று பேரை அனுப்பியதை நானே பார்த்திருந்தேன். முதலாளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "ஆமாண்ணே, நம்ம வழக்கம் அது இல்ல. டேய், ஆறையும் புதுசா கடஞ்சி குடு" என்றார்.

புகழ்ச்சியில் மயங்காதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் வேலைக்கு உலை வைத்ததும் அந்த வாய், காப்பாற்றியதும் அதே வாய். இதில் உங்களுக்கு என்ன புத்தி சொல்வதென்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

அன்று சாயந்தரம் அவரிடமே கேட்டேன். "அண்ணே, என் கண்ணப் பத்தி சொன்னீங்களே, நெஜமாவா?"

"நெஜமாதாம்பா" என்றார், சிரிப்பே இல்லாமல். பிறகு வெர்னியரை எடுத்துத் துடைத்து என் கையில் வைத்தார். "இதுவும் அருமையான வெர்னியருப்பா. சும்மா கெடக்குது, பாவம்."

இப்போது எதையும் ரெண்டு தடவை அளக்கிறேன். பக்கத்து மெஷினில் வேறு ஆள். ஆனாலும் அளவு சரியாக வந்துவிட்டால், அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன்.