எச்சி மிஸ் எண்ணச் சொன்னது

தீபாவளி காலை, எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள்: கத்தியோடு நான். சட்டியோடு என் மனைவி லெட்சுமி. ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் காத்தான். ஆடு. ஐஸ் பெட்டியோடு எச்சி மிஸ்.

எங்கள் தோட்டத்துக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். ஓட்டுக் கேட்க வந்தார்கள், மண் சரியுமா என்று பார்க்க வந்தார்கள். ஆட்டுக்கு முதல் வணக்கம் சொல்லிவிட்டு மனிதனைப் பார்த்த ஆள் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான்.

அன்று வந்ததும் ஆட்டின் வாயைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "நல்ல எச்சில்" என்றார். எச்சி மிஸ் என்ற பெயர் அந்த நிமிஷமே விழுந்தது. வெற்றிலை போட்டிருந்த காத்தான் வாயை மூடிக்கொண்டான்.

"தலை யாருக்கு?" என்று மிஸ் கேட்டார்.

"வெட்டுறவனுக்குங்க. எனக்கு."

"தலை வேணாம். காதுக்குக் கீழ ஒரு கட்டி இருக்கு. எச்சில் ஊறுற இடம். அது மட்டும் தாங்க."

"அதை நாயே மோந்து பாத்துட்டுப் போயிரும் மிஸ்" என்றாள் லெட்சுமி.

"தீபாவளிக்குக் கறி கேக்காம வந்த மொத ஆளு நீங்கதான்" என்றான் காத்தான்.

பல்கலைக்கழகத்தில் கால்நடைப் படிப்பாம். புளத்கொகுபிட்டி டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து, அட்டை கடித்த காலோடு மலை ஏறுவார். தோட்டத்து ஆடு முள்ளையும் குப்பையையும் தின்கிறது, வாய் புண்ணாகிச் சாவதில்லை. அந்தக் கட்டிக்குள் நோயோடு சண்டை போடும் கூட்டம் இருக்கிறது, மருந்தை எச்சிலில் கலந்து வாய்க்கு அனுப்புகிறது என்றார். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ண வேண்டுமாம். நான் தலையை ஆட்டினேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவனுக்கு இதில் என்ன?

அந்த முதல் வருஷம் கட்டியை வெட்டிக் கொடுத்தேன். மிஸ் போத்தல் மூடியைத் திறப்பதற்குள் நாய் கவ்விக்கொண்டு ஓடியது. மிஸ்ஸும் ஓடினார். தேயிலைக்குள் இரண்டு பேரையும் காணவில்லை. திரும்பி வந்தது நாய் மட்டும். மிஸ் கால்மணி கழித்து வந்தார், ஒற்றைக் காலில் மட்டும் சப்பாத்தோடு.

இரண்டாம் வருஷம் பஸ் பழுது. வரப் பிந்தும் என்று போனில் சொன்னார். லெட்சுமி பொறுப்பான பொம்பளை. மிஸ் வந்ததும் கிண்ணத்தை நீட்டினாள். கட்டி மஞ்சளாக இருந்தது.

"இது என்னா?"

"கெட்டுப் போயிருமேன்னு மஞ்சளும் உப்பும் பெரட்டி வச்சேன் மிஸ். மொளகாத்தூள் போடல."

மிஸ் சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. படியில் உட்கார்ந்து ப்ளேன்டீ இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வருஷம் நாயைக் கட்டிப்போட்டோம். லெட்சுமியைக் கோயிலுக்கு அனுப்பினேன். ஆறு லயத்து ஆறு ஆட்டுத் தலையிலிருந்தும் கட்டி எடுத்துக் கொடுத்தேன். அப்பாடா என்றிருந்தது.

இரண்டு மாதம் கழித்து, மழையில் வெட்டு இல்லாத ஒரு நாள், மிஸ் திரும்ப வந்தார். கண் குழி விழுந்திருந்தது.

"அண்ணே, எண்ணத் தெரியுமா?"

"தெனம் முந்நூறு மரம் எண்ணுறேன்."

அவர் எண்ணி முடித்துவிட்டாராம். எது எந்த ஆடு என்று தெரியாத இன்னொரு ஆளும் எண்ண வேண்டும். அதற்கு ஒத்துக்கொண்டிருந்தவர் வெளிநாடு போய்விட்டார். "ஆறு ஆட்டுக்கும் கூட்டின ரெண்டு கணக்குக்கும் பத்துக்கு மேல வித்தியாசம் வந்தா ஏத்துக்க மாட்டாங்க. மூணு வருஷமும் போச்சு. இனி ஒரு வருஷம் தர மாட்டாங்க."

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில்தான் மேசையும் பிளக்கும் இருந்தது. தொட்டிலைத் தள்ளிவிட்டு மைக்ராஸ்கோப்பை வைத்தார்.

"கட்டத்துக்குள்ள பாருங்க. வட்டமா இருக்கும், உள்ளுக்குப் புள்ளி ஒரு ஓரமா ஒதுங்கி இருக்கும். அதை எண்ணுங்க. புள்ளி நடுவுல இருந்தா விட்டுருங்க."

"கறுப்பா நீளமா ஒண்ணு வருது மிஸ். போகுது. திரும்ப வருது."

"அது உங்க கண் இமை."

பழக்கத்துக்கு முதலில் ஒரு கண்ணாடித் துண்டு வைத்தார், கட்டியின் மெல்லிய சீவல் ஒட்டியது. நான் இருபத்தொன்பது என்றேன். அவர் கணக்கு முப்பத்தேழு. மிஸ் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"ஒண்ணுலயே எட்டு குறையுது. எங்க போச்சு?"

"கோட்டு மேல நெறைய நின்னிச்சி. நான் தொடல."

"ஏன்?"

"எல்லை மரம் மேல் மலைக்காரனுக்கு. நான் கீழ் மலை. இருவத்திரெண்டு வருஷமா எல்லை மரத்துல கத்தி வச்சதில்ல."

 மிஸ் சிரித்தார். மூன்று வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஹரி" என்றார், சரி என்பதைச் சிங்களத்தில். "மேல் கோடும் இடப்பக்கக் கோடும் உங்களோடது. கீழ் கோடும் வலப்பக்கக் கோடும் அடுத்த ஆளோடது."

அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு உண்மையான கண்ணாடிகள், ஆறு. கண்ணில் தண்ணீர் வடிந்தது. துடைத்துத் துடைத்து எண்ணினேன். எண்ணிக்கையைக் கூடுதலாகச் சொன்னால் சந்தோஷப்படுவாரோ என்று ஒரு தரம் தோன்றியது. சொல்லவில்லை. இருந்ததை எழுதினேன்.

மிஸ் என் தாளையும் அவர் தாளையும் பக்கத்தில் வைத்துக் கூட்டினார்.  எனக்குச் சாமியிடம் கேட்கும் பழக்கம் குறைவு. அன்று இந்தப் பொம்பளைக்காகக் கேட்டேன்.

அவர் கணக்கு இருநூற்றுப் பதினொன்று. என் கணக்கு இருநூற்றெட்டு.

வித்தியாசம் மூன்று.