அண்ணாந்து நன்றி சொல்பவர்

கடவுள் நம்பிக்கை உடையோரை வகைப்படுத்தப் புகுந்தால், தனி இனமாகவே நிறுத்தத் தக்கவர் அண்ணாந்து நன்றி சொல்பவர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கழுத்தைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். பேருந்து நேரத்துக்கு வந்தால், பால் பொங்கி வழிவதற்குள் அடுப்பு அணைந்தால், தொலைந்த சாவி சோபாவின் இடுக்கில் அகப்பட்டால், அவருடைய முகவாய் தானாக உயரும், கண்கள் பாதி மூடும், "உன் கருணையே கருணை!" என்ற சொற்கள் கூரையை நோக்கிப் புறப்படும். சில்லறை நிகழ்ச்சிகளிலும் கடவுளைக் கண்டுவிடும் அந்தக் கண் அரிய கண்தான். யார் மறுத்தார்கள்? சாவியைத் தேடி எடுத்தவர் மனைவி என்பது மட்டும் அதற்குத் தட்டுப்படாது.

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் இந்த இனத்தின் பழுதற்ற மாதிரி ஒருவர் வசிக்கிறார். ஒருநாள் அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டது. குழாய் ரிப்பேர்க்காரர் வந்து, தொட்டிக்கு அடியில் மல்லாந்து, சட்டை நனைந்து, முழங்கை சிராய்த்து, ஒருவழியாக நீரை நிறுத்தி எழுந்தார். நம்மவர் கைகூப்பிக் கூரையைப் பார்த்தார்.

"அப்பா! நீ மட்டும் இல்லேன்னா இன்னிக்கு வீடே மிதந்திருக்கும்!"

ரிப்பேர்க்காரரும் பதறி அண்ணாந்தார். "மேலயும் ஒழுகுதா சார்?"

அந்தக் கூரைக்கு மேலே இருந்தவர் மாடிக்காரர். அவரோடு நம்மவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. நாற்காலியைத் தரதரவென்று இழுக்கிறார், பிரார்த்தனை நேரத்தில் மிக்சி ஓட்டுகிறார், காரை வாசலை மறித்து நிறுத்துகிறார். கடவுளுக்கும் தமக்கும் நடுவே இப்படி ஒரு மனிதரைக் குடிவைத்த வீட்டுக்காரரை நம்மவர் மன்னித்ததே இல்லை.

ஒரு காலை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நெஞ்சைப் பிடித்தபடி தரையில் சரிந்தார். நம்மவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழகிய கழுத்து மட்டும் உயர்ந்தது.

"கைவிட்டுடாதேப்பா! யாரையாவது அனுப்பு!"

மேலே நாற்காலி இழுபடும் ஓசை. படிகளில் தடதடப்பு. ஒற்றைச் செருப்போடு மாடிக்காரர் வந்து நின்றார்.

"அக்காவைத் தூக்குங்க சார். கார் வாசல்லதான் நிக்குது."

நின்றது. வழக்கம்போல், வாசலை மறித்து.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில், மூடிய கதவுக்கு எதிரே இருவரும் அமர்ந்திருந்தனர். நெடுநேரம் கழித்து நம்மவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நான் கத்தினது... உங்களுக்குக் கேட்டுதா?"

"மூணு வருஷமா நீங்க மேல அனுப்புறதெல்லாம் முதல்ல எங்க வீட்டுக்குத்தான் சார் வருது. சாவி கிடைச்சது, பஸ் வந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். இன்னிக்குக் குரல் வேற மாதிரி இருந்துச்சு."

"பொழைச்சுடுவா இல்ல, தம்பி?"

"பஸ்ஸுக்கே அவ்வளவு நம்பிக்கை வெச்சீங்க. இதுக்கு வைக்க மாட்டீங்களா?"

கதவு திறந்தது. "ஆபத்து இல்லை. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். நம்மவரின் முகவாய் வழக்கப்படி உயரத் தொடங்கியது. பாதி வழியில், நெட்டையான மாடிக்காரரின் முகத்துக்கு நேரே நின்றுவிட்டது. நன்றி என்ற சொல் வாய்வரை வந்து, கைகளாக மாறி அவர் கைகளைப் பற்றிக்கொண்டது. கூச்சம் தாளாத மாடிக்காரர் கூரையைப் பார்த்தார்.

மாலையில் கண்விழித்த மனைவி முதலில் கேட்டது இதுதான்: "என்னங்க, அந்தத் தம்பிக்கு ஒரு காபியாவது வாங்கிக் குடுத்தீங்களா?"

நம்மவர் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டதாகப் பதிவு செய்ய இயலாது. இன்றும் பார்க்கிறார், கழுத்து இறங்கும் வழியில் ஓரிரு முகங்களில் நின்று வருகிறது, அவ்வளவே.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் கூரையோடு பேசுபவர் அல்லர். ஆனால், சென்ற முறை உங்கள் காரியம் ஒன்று கடைசி நொடியில் கைகூடியபோது, மேலேயும் பாராமல் பக்கத்திலும் பாராமல், கண்ணாடியைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டவர் யார்?