பழைய கல், புது மீன்

"புதுக் கல்லா? இன்னாத்துக்கு? பழசுதான் கீதே, அதையே போடு!" என்று சொல்லிவிட்டு முதலாளி முத்துராஜ் ஃபோனை வைத்துவிட்டார்.

சாலமன் கண்ணாடித் தொட்டியைப் பார்த்தபடி நின்றான். பழவேற்காடு ஏரிக்கரையில், பூநாரை பார்க்க வருகிறவர்கள் தங்கும் சின்ன லாட்ஜ் அது. அவன்தான் அங்கே மேனேஜர், ரூம் பாய், சமயத்தில் சமையல்காரன். நேற்றுவரை வரவேற்பறைத் தொட்டியில் தங்கமீன்கள் இருந்தன. வந்தவர்களெல்லாம் "உங்க ஏரி மீன் எங்கே?" என்று கேட்டுக் கேட்டு முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. தங்கமீன்கள் அவர் வீட்டுக்குப் போயின. ஏரியின் உப்புத் தண்ணீரும் ஆறு மடவை மீன்களும் தொட்டிக்கு வந்தன. அடியில் கிடந்த கலர் கூழாங்கல்லும் கறுப்பு மண்ணும் மட்டும் அப்படியே இருந்தன.

மனசு கேட்காமல் மீன் தொட்டிக் கடை சந்தோஷுக்கு ஃபோன் போட்டான்.

"நல்ல தண்ணி கல்ல உப்புத் தண்ணியில போட்டியா? போச்சு! அந்தக் கல்லுல கீற நல்ல கிருமியெல்லாம் உப்புல செத்துப்பூடும்ணே. அப்பறம் தண்ணியே வெஷம். மீனு மெதக்கும்."

"மெதந்தா இன்னா பண்றது?"

"கொழம்பு வையி."

மீன் செத்தால் சாலமனும் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான எளாவூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். இந்த மேனேஜர் வேலையை நம்பித்தான் எப்சிபா வீட்டில் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

சந்தோஷ் சொன்னது போலவே, சாயங்காலம் ஆறு மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்தன. சாலமன் ஜெபம் செய்துவிட்டுத் தன் வாடகை ரூமுக்குப் போனான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பயந்துகொண்டே வந்தான். கூட்டிப் பெருக்கும் ஜெயம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, மீனு எப்டி கீது?"

"போய்ப் பாரு தம்பி. இன்னா துள்ளு துள்ளுது!"

உண்மைதான். ஆறும் துள்ளிக்கொண்டிருந்தன. ராத்திரி நல்ல தூக்கம் போலிருக்கிறது என்று சாலமன் நினைத்துக்கொண்டான். ஆனால் ஏதோ உறுத்தியது. குனிந்து பார்த்தான். ஒவ்வொன்றும் நேற்றைவிட ஒரு விரற்கடை கூடுதல் நீளமாகத் தெரிந்தது.

சந்தேகத்துக்குக் கண்ணாடியில் ஒரு ஸ்கேலை ஒட்டிவைத்தான். அடுத்த நாள் காலையில் மீன்கள் இன்னும் வளர்ந்திருந்தன! இப்படியே போனால் ஒரு வாரத்தில் தொட்டிக்குள் திரும்பக்கூட இடம் இருக்காது. பயந்துபோய் அன்றைக்குத் தீனியைப் பாதியாகக் குறைத்தான்.

மறுநாள் மீன்கள் நீளத்தில் பாதியாகக் குறைந்திருந்தன.

சாலமனுக்கு அழுகையே வந்துவிட்டது. வாயில்லாத ஜீவன்களைப் பட்டினி போட்ட பாவம் சும்மா விடுமா? இரண்டு மடங்கு தீனியைக் கொட்டினான். தண்ணீர் மோர் மாதிரி ஆகி நாற்றமடித்தது. சாயங்காலம் மீன்கள் ஒருக்களித்துக் கிடந்தன. வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டினான்.

காலையில் வந்து எண்ணினால், எட்டு மீன்கள்!

முதலாளிக்கு ஃபோன் பறந்தது. "மொதலாளி, குட்டி போட்டுடுச்சி!"

ஆரம்பாக்கத்தில் இருக்கும் வீட்டிலிருந்து முத்துராஜ் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மூக்கைப் பொத்தியபடி தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எதுடா குட்டி?"

"அதோ, பெருசா கீதே ரெண்டு."

"குட்டி எப்டிடா தாயவிடப் பெருசா கீது?"

"அதான் மொதலாளி எனக்கும் புரியல."

முத்துராஜ் யோசித்தார். அவர் யோசித்தாலே யாருக்காவது வேலை வைத்துவிடுவார்.

"கல்லுடா! எல்லாம் அந்தப் பழைய கல்லு பண்ற வேல! நான் அப்பவே சொன்னேனா இல்லியா?"

அன்றைக்கே "மீன் வளர்க்கும் அதிசயக் கல்" என்று போட்டோவோடு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். அது எங்கெங்கோ சுற்றி, மீன்களைப் பற்றியே ஆயுசு முழுக்கப் படித்த பேராசிரியை ஆரோக்கியமேரிக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் சென்னையிலிருந்து ஃபோன் செய்தார்.

"அந்தக் கல்லுல மீன் ஒரு ராத்திரி தாண்டினாலே பெரிய விஷயங்க. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வர்றேன். எதையும் மாத்தாம வைங்க."

முத்துராஜுக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டியைப் பட்டுத் துணியால் மூடி, பேராசிரியை வந்த பிறகுதான் திறக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். "நாளைக்கு எதனா சொதப்புச்சி, எளாவூர் பஸ்தான் உனக்கு" என்று சாலமனிடம் விரலை ஆட்டினார். "நல்லபடியா முடிஞ்சா, கல்யாணத்துக்கு ஹால் செலவு நம்மளுது."

காலை ஏழு மணிக்கு ஆரோக்கியமேரி வந்துவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். அவருக்கும் ஆவல் தாங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"தெனமும் என்ன பண்றீங்க தம்பி?"

"ஒண்ணுமே இல்ல மேடம். சாயங்காலம் சோந்துபோவும். காலைல வந்து பாத்தா புதுசு மாதிரி துள்ளும்."

"ஆச்சரியமா இருக்கே!" என்று அவர் எழுதிக்கொண்டார்.

முத்துராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு துணியின் நுனியைப் பிடித்தார். சாலமன் கண்ணை மூடி எப்சிபாவை நினைத்துக்கொண்டான்.

அப்போது, தண்ணீர் சொட்டும் பக்கெட்டோடு வாசலிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார் ஜெயம்மா.

"தொறக்காதீங்க, தொறக்காதீங்க! தெனிக்கும் செத்தத வாரிட்டு எங்கூட்டுக்காரரு வலைலேர்ந்து புதுசு வுடுவேனா, இன்னிக்கிப் பாத்து மடவையே படல தம்பி, கெளுத்தி வுட்டா பரவால்லியா?"