துண்டு மாமா முடித்த பேரம்

கடவுளிடமே பேரம் பேசி, கடைசியில் அவரிடம் தரகும் கேட்கக்கூடிய ஆள் திண்டுக்கல்லில் ஒருவர்தான். எங்கள் தெரு துண்டு மாமா. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் மாமாதான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைக் கேட்டால் அவர் வீட்டம்மாவே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

மாமா ஆட்டுத் தரகர். வியாழக்கிழமை விடிவதற்குள் அய்யலூர் சந்தையில் நிற்பார். அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. எதிராளி கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலை அமுக்குவார்கள். இத்தனை விரல் என்றால் இன்ன விலை. முழுக் கையையும் சேர்த்து இறுக்கினால், கேட்டதைக் கொடுத்தாயிற்று, இனிப் பேச்சே கிடையாது என்று அர்த்தம். இதுவே பழக்கமாகி, துண்டு போடாமல் யார் கையையும் அவரால் தொட முடியாமல் போயிற்று. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தாலும் துண்டு. டாக்டர் நாடி பார்த்தாலும் துண்டு.

புதிதாக வந்த போதகருக்கு இது தெரியாது. சர்ச்சில் அன்று அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த கிடா ஒன்று மதிய ஏலத்துக்காக வேப்பமரத்தில் கட்டியிருந்தது. போதகர் வாசலில் நின்று மாமாவுக்குக் கை நீட்டினார். துண்டு விழுந்தது. உள்ளே ஏதோ அமுக்கியது. பாவம், அன்பு என்று நினைத்து அவரும் முழுக் கையையும் சேர்த்துத் திருப்பி அமுக்கிவிட்டார்.

மதியம் ஏலம் விடப் போனால் கிடாவைக் காணோம்.

"மாமா, கெடா எங்க?"

"அதான் வித்தாச்சுல்ல. பாஸ்டரய்யா வாசல்லயே முடிச்சுட்டாரு. நல்ல வெலைக்குத்தேன் முடிச்சிருக்காரு, கவலப்படாதீக."

உண்மையிலேயே நல்ல விலைதான். ஆனாலும் அன்றிலிருந்து போதகர் வாசலில் இரண்டு கையையும் கூப்பியபடியே நின்றார்.

அவருக்கு மாமா மேல் இருந்த வருத்தம் வேறு. வியாழக்கிழமை காலை ஜெபக் கூட்டத்துக்கு மாமா ஒருநாளும் வந்ததில்லை. சந்தையை விட்டு எப்படி வருவார்? போதகரும் விடாமல் வாராவாரம் "விசுவாசமா, ஆதாயமா" என்றே பிரசங்கம் செய்தார். கேட்பது தெருப் பெண்களும், நூல் மில்லில் ஷிப்ட் முடித்துத் தூங்கி வழியும் நானும். திட்டு முழுக்க வராத ஆளுக்கு.

மாமா ஞாயிற்றுக்கிழமை வந்து பதில் சொல்வார். "ஆதாயம் ஆதாயம்ங்கிறீகளாமே, தரகு கழிச்சா, கழிக்காமயா?"

"ஆண்டவருக்கு ஆடு மேய்ச்சவங்களத்தான் பிடிக்கும் மாமா, வித்தவங்கள இல்ல."

"மேய்ச்சவுக எங்கிட்டத்தானய்யா விக்க வாராக!"

தீபாவளிக்கு முந்தின வியாழன் வந்தது. ஆட்டுத் தரகருக்கு அந்த ஒரு சந்தைதான் பாதி வருஷத்துச் சோறு. அதே நாளில் என் மனைவிக்கு ஆபரேஷன். வயிற்றில் கட்டி. நல்லதா கெட்டதா என்று அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதியம்தான் தியேட்டருக்குக் கூட்டிப் போவோம் என்றார்கள். அவளுடைய அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்த சர்ச்சுக்கு ஓடினேன். பாயில் உட்கார்ந்தேனே தவிர ஜெபம் வரவில்லை. வெறும் பயம்தான் வந்தது.

போதகர் வழக்கமான பிரசங்கத்தை எடுத்தார். "ஆதாயத்தின் பின்னால் ஓடுகிற மனுஷன் இந்நேரம் எங்கே நிற்கிறான்?" என்று கேட்டு நிமிர்ந்தார்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார் துண்டு மாமா.

"இந்தா, இங்கிட்டுத்தேன் நிக்கிறேன். நீங்க பேசுங்க பாஸ்டரய்யா."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்த நாளிலும் நான் சிரித்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரசங்கத்தை அப்படியே விட்டுவிட்டு, "ஜெபிப்போம்" என்றார்.

மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையை எடுத்து, துண்டைப் போட்டார். ஜெபம் நீண்டது. ஒரு விரல், இரண்டு விரல், மறுபடி ஒன்று. என் கையை வைத்துக்கொண்டு மாமா வேறு யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஆமென் சொல்லும் நேரத்தில் முழுக் கையையும் சேர்த்து ஒரே இறுக்கு. என் எலும்பு பிழைத்ததே பெரிது.

"முடிஞ்சிருச்சு மாப்ளே. ஆஸ்பத்திரிக்கு ஓடு."

"என்ன மாமா குடுத்தீக?"

"ஏலே, துண்டுக்குள்ள பேசுனத வெளிய கேக்கலாமாடா?"

கட்டி சாதாரணக் கட்டிதான். மனைவி வீடு திரும்பிய அன்று மாமா ஒரு சீப்பு சிறுமலைப் பழத்தோடு வந்தார். அவள் விடவில்லை.

"எனக்காகத் தீவாளிச் சந்தைய விட்டுட்டீகளாமே மாமா?"

"அட நீ வேற தாயி. அன்னைக்கு வந்த ஆடு அம்புட்டும் நோஞ்சான். போயிருந்தா நட்டந்தேன்."

போகாத சந்தையின் ஆடுகளையெல்லாம் நோஞ்சானாக்கிய அந்த ஒரு பொய்க்காக, இன்றும் நான் ஜெபத்துக்கு உட்கார்ந்தால் முதலில் அவர் பெயரைத்தான் சொல்கிறேன்.