மேனேஜர் விழுங்கிய சாவி

என் அறையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு முடிவெடுத்தேன். நேரத்தைக் குறித்துச் சொல்லக் காரணம் உண்டு. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடங்களில் நானாக எடுத்த முதல் முடிவு அது.

நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். இருபது மாடிக் கட்டடமானாலும் என் கையெழுத்து விழாமல் அங்கே லிஃப்ட் ஏறாது. வீட்டில் என் பேச்சுதான் ஏறாது.

அந்த அறை வீட்டின் பின்பக்கம் இருந்தது. ஒரு ஜன்னல், ஒரு சாய்வு நாற்காலி, பதினோரு ரேடியோ. பதினொன்றையும் நான்தான் பிரித்துப் போட்டிருந்தேன். அங்கேதான் மாலைவேளைகளில் ஆராய்ச்சி செய்வேன். ஆராய்ச்சியின்போது லேசாகக் குறட்டை வரும் என்று என் மனைவி சொல்வாள். பொறாமை.

அவள் தையல்காரி. கைராசி அப்படி. அவள் ஒருமுறை அளவெடுத்துவிட்டால் அந்த ஆள் ஜென்மத்துக்கும் தப்ப முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அளவெடுத்தது என் அறையை.

"என்னங்க, அந்த ரூம்ல நீங்க என்னதான் பண்றீங்க?"

"ரேடியோ ரிப்பேர்."

"எத்தனை ரேடியோ பாடுது?"

"பாடினா ரிப்பேர் எதுக்கு?"

"ஆறு பேர் தையல் கத்துக்கணும்னு கேட்டுட்டே இருக்காங்க. ஹால்ல மிஷினைப் போட்டா நடக்க இடம் இருக்காது. அந்த ரூமைக் கொடுங்க."

"யோசிக்கலாம்."

"யோசிங்க. வெள்ளிக்கிழமை மிஷின் வருது."

யோசித்தேன். அறையைப் பூட்டினேன். ஒரே சாவி. அதை ஒளித்துவிட்டுத் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் எங்கே ஒளிப்பது? என் சட்டைப் பை, பேண்ட் பை, ஆபீஸ் பை எல்லாம் துவைக்கிறவள் அவள். தலையணை உறை தைத்தவள் அவள். இந்த வீட்டில் அவள் கை போகாத இடம் ஒன்றே ஒன்றுதான். மேனேஜரின் ஷூ.

மேனேஜர் எங்கள் நாய். நாள் முழுக்கப் படுத்திருப்பான், யாராவது கிட்டே போனால் உறுமுவான், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் சரியாக எழுந்து வருவான். அதனால் வைத்த பெயர். என் பழைய ஷூ ஒன்றை எப்போதோ தனதாக்கிக்கொண்டு, கட்டிப்பிடித்தபடிதான் தூங்குவான். அதைத் தொட அவன் அனுமதித்திருந்த ஒரே ஆள் நான்தான். இதைவிடப் பாதுகாப்பான லாக்கர் எந்த பேங்கில் இருக்கிறது?

முதலில் சாவியைச் சும்மா ஷூவுக்குள் போட்டேன். அவன் அதைக் கவ்வி உதறியபோது கலகலவென்று சத்தம் வந்தது. ஆகவே சாவியை என் சாக்ஸ் ஒன்றுக்குள் போட்டு, இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டு, ஷூவின் மூக்குவரை திணித்து வைத்தேன். பிறகு நேராக அடுப்படிக்குப் போனேன்.

"அந்த ரூம் சாவி தொலைஞ்சு போச்சு."

ஊசியில் நூல் கோக்கிற நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

"தொலைஞ்சே போச்சா?"

"தொலைஞ்சே போச்சு."

"சரிங்க. மிஷினுக்கு நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

அவ்வளவுதான். சண்டை இல்லை, தேடல் இல்லை. இத்தனை சுலபமா என்று எனக்கே வியப்பாக இருந்தது. ஒரே ஒரு சங்கடம், நானும் அறைக்குள் போக முடியாது. போனால் சாவி ஏது என்று கேட்பாள். மூன்று வாரம் அந்தப் பூட்டைத் தூரத்தில் நின்று பார்த்தே பெருமைப்பட்டுக்கொண்டேன். கோட்டையைப் பிடித்துவிட்டு வெளியே பாய் விரித்துப் படுத்த முதல் ராஜா நானாகத்தான் இருப்பேன்.

நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் எழுந்திருக்கவில்லை.

"ராத்திரியே சாப்பாட்டைத் தொடலைங்க," என்றாள் மனைவி. "விடிஞ்சதுலேருந்து மூணு தடவை வாந்தி. வெறும் நுரைதான் வருது."

முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தான். கூப்பிட்டேன். வாலை ஒரே ஒரு தடவை ஆட்டினான், மரியாதைக்காக. பக்கத்தில் கிடந்த ஷூவை அவள் பார்க்காத நேரத்தில் எடுத்துக் கைவிட்டேன். மூக்குப் பக்கம் கிழிந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. சாவி இப்போது எங்கே இருக்கும் என்று யோசித்தபடியே காரை எடுக்க ஓடினேன்.

நாய் டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. அவசரமே படாதவர். மேனேஜரை ஸ்டீல் மேஜைமேல் ஏற்றி, ஈறைப் பார்த்து, வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"எதையாவது முழுங்கினானா?"

"தெரியலையே டாக்டர்," என்றாள் மனைவி.

நான் சுவரில் மாட்டியிருந்த படத்தில் நாய்ப் பற்களைக் கவனமாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். விளக்குப் பலகையில் படத்தை மாட்டினார். விலா எலும்புகளுக்குப் பின்னால், பளிச்சென்று வெள்ளையாக, பல்லும் துளையுமாக ஒரு சாவி. நான் பார்த்ததிலேயே மிகத் தெளிவான சாவி.

"எங்க வீட்டுச் சாவி மாதிரியே இருக்கு," என்றாள் மனைவி.

"உலகத்துல எல்லாச் சாவியும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்," என்றேன்.

"அப்படின்னா பூட்டு எதுக்குங்க?"

டாக்டர் குறுக்கிட்டார். "சாவி இன்னும் இரைப்பையிலதான் இருக்கு. சின்னதுதான். தானாவே வெளிய வந்துடவும் வாய்ப்பு இருக்கு. வாந்திக்கு ஊசி போட்டு, ரெண்டு நாள் வெச்சுப் பார்க்கலாம். என்ன சொல்றீங்க?"

அப்பாடா என்று இருந்தது. தானாக வந்தால் யார் கண்ணிலும் படாமல் நானே எடுத்துவிடலாம். எதிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும் என்பதைக்கூட யோசித்துத் துணிந்துவிட்டேன். அப்புறம்தான் சாக்ஸ் ஞாபகம் வந்தது.

"டாக்டர், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அந்தச் சாவியை ஒரு துணியில சுத்தியிருந்தா?"

"துணி எக்ஸ்ரேல சரியாத் தெரியாது சார். துணி இருந்தா கதையே வேற. குடலுக்குள்ள இறங்கி அடைச்சுக்கும். அப்புறம் வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணும். லேட்டானா உயிருக்கே ஆபத்து."

மேனேஜர் மேஜைமேல் படுத்தபடி என்னைப் பார்த்தான். குற்றம் சாட்டுகிற பார்வைகூட இல்லை. நான் பக்கத்தில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற பார்வை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு லிஃப்டின் கம்பி பிய்ந்திருப்பது தெரிந்தும் கையெழுத்துப் போட்ட ஆள் நான் இல்லை.

"துணி இருக்கு டாக்டர்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கட்டினது நான்தான். சாக்ஸ். இரட்டை முடிச்சு."

நான் மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் குரல் வந்தது. சாதாரணமாகத்தான் இருந்தது.

"எந்தக் கால் சாக்ஸ்?"

"இடது."

"அதான் மூணு வாரமா வலதை மட்டும் தனியாத் துவைச்சுட்டு இருக்கேன்."

டாக்டர் அதற்குள் கையுறை மாட்டிவிட்டார். "நல்லவேளை சொன்னீங்க சார். இன்னும் இரைப்பையிலயே இருக்கறதால எண்டோஸ்கோப்பில எடுத்துப் பார்த்துடலாம். வாய் வழியா ஒரு மெல்லிசான குழாயை விடுவோம். நுனியில கேமரா, விளக்கு. அதுக்குள்ளயே ஒரு குட்டி இடுக்கி போகும். பிடிச்சு இழுத்துட்டா தையல் போட வேண்டிய வேலையே இல்ல."

"தையல் போடணும்னாலும் நான் போட்டுடுவேன் டாக்டர்," என்றாள் மனைவி. அவள் கை மேனேஜரின் காதைத் தடவிக்கொண்டே இருந்தது.

மயக்க மருந்து கொடுத்தார்கள். மேனேஜர் நாக்கு வெளியே தொங்க, பெரிய பொறுப்புகளிலிருந்து ஓய்வு பெற்றவனைப் போலத் தூங்கினான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். திரை எங்களுக்கும் தெரிந்தது.

முதலில் இளஞ்சிவப்பாக ஒரு சுரங்கம். உணவுக்குழாயாம். பிறகு ஒரு வாசல் திறந்தது. இரைப்பை. மடிப்பு மடிப்பாக, ஈரமாக, பளபளவென்று. என் மனைவி கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்தாள்.

"ஃப்ரில் வெச்சுத் தைச்ச மாதிரி இருக்குல்ல?" என்றாள்.

அடுத்த மடிப்பில் அது கிடந்தது. சாம்பல் நிறம், நீலக் கோடு, குதிகாலில் ஓட்டை. பெரிய திரையில் என் சாக்ஸை அவ்வளவு பெரிதாகப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. எண்டோஸ்கோப்பை நல்ல தமிழில் உள்நோக்கி என்பார்கள். அன்று அதன் வழியாக வெளியே வந்தது என் உள்நோக்கம்.

இடுக்கி ஒருமுறை பிடித்து நழுவியது. இரண்டாம் முறையும் நழுவியது. என் மனைவி மூச்சையே விடவில்லை. மூன்றாம் முறை இடுக்கிக்குப் பதிலாகக் கம்பியில் சுருக்கு மாதிரி ஒன்றை விட்டார்கள். அது முடிச்சுக்குக் கீழே விழுந்து இறுகியது. சாக்ஸ் மெல்ல, மிக மெல்ல, சுரங்கத்தில் பின்னோக்கி நகர்ந்தது. நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று நான் லிஃப்டுகளுக்கு மட்டுமே வேண்டிக்கொள்கிற விதத்தில் வேண்டிக்கொண்டேன். ஒரு கட்டத்தில் அவள் என் கையைப் பிடித்தாள். யார் மேல் கோபமோ அவன் கை என்பது அவளுக்கு மறந்திருக்க வேண்டும்.

சாக்ஸ் தட்டில் விழுந்தது. உள்ளே சாவி.

"முடிச்சு நல்லா இறுக்கமா இருந்தது," என்றார் டாக்டர். "அதனாலதான் பிடி கிடைச்சது. சாவியோட பல்லும் உணவுக்குழாயைக் கீறலை."

நான் கொஞ்சம் நிமிர்ந்தேன். மனைவி பார்த்தாள். பழையபடி குனிந்தேன்.

டாக்டர் அதோடு விடவில்லை. கேமராவைத் திரும்ப உள்ளே விட்டு எல்லா மூலையையும் பார்த்தார். ஓரிடத்தில் சிவந்து புண்ணாகியிருந்தது. அதிலிருந்து கடுகளவு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அநேகமாகச் சாக்ஸ் உரசியதுதான், மருந்தில் ஆறிவிடும், எதற்கும் பார்த்துவிடலாம் என்றார். சாயங்காலம் மேனேஜர் தள்ளாடியபடி தானே நடந்து வந்து காரில் ஏறினான்.

வீடு வரும்வரை மனைவி பின்சீட்டில் மேனேஜரின் தலையை மடியில் வைத்திருந்தாள். நான் பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். தோற்றாலும் மானத்தோடு தோற்கத் தெரிந்தவன் நான். வாசலைத் தாண்டியதும் கழுவித் துடைத்த சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இந்தா. ரூம் உன்னோடது. நாளைக்கே கிளாஸ் ஆரம்பிச்சுக்கோ. நான் தடுக்கமாட்டேன்."

அவள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அலமாரி ஆணியில் தொங்கிய வேறொரு சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கதவு திறந்தது. விளக்கைப் போட்டாள். சுவரோரம் வரிசையாக ஆறு தையல் மிஷின். கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்த சட்டைக் கை. என் ரேடியோக்கள் பதினொன்றும் ஒரே பெட்டியில், துணி போர்த்தி. மேனேஜர் என்னைத் தாண்டி உள்ளே போய், மூன்றாவது மிஷினுக்கு அடியில் இருந்த மெத்தையில் வழக்கமான ஆளைப்போலச் சுருண்டு படுத்தான்.

"எப்போலேருந்து?" என்றேன்.

"மிஷின் வந்த நாள்லேருந்து. காலையில பத்திலேருந்து பன்னெண்டு. நீங்க ஆபீஸ்ல இருக்கற நேரம்."

"பூட்டு?"

"மாத்தியாச்சு. அதே மாடல்ல."

"எல்லாம் தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை..."

"எனக்கு என்னங்க தெரியும்? சாவி தொலைஞ்சு போச்சுன்னு நீங்க சொன்னீங்க. நான் நம்பினேன். சாவி தொலைஞ்சா பூட்டை மாத்துறதுதானே வழக்கம்?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். போன வாரம் கடையில் வாங்கியது என்று அவள் கொடுத்து, ஆபீஸே பாராட்டிய புதுச் சட்டையை அன்று போட்டிருந்தேன்.

"அந்தச் சட்டையைக் கழட்டிக் கொடுங்க. காலர் எப்படித் தைக்கக் கூடாதுன்னு நாளைக்கு அதைத் தைச்ச பொண்ணுங்களுக்கே காட்டணும்."