தலை எண்ணும் நாளில் காய்ச்சல் வந்த பெண்

டெட்ராய்ட்,
நவம்பர், ஞாயிறு மதியம்.

மாண்புமிகு மாப்பிள்ளை ஹார்லன் அவர்களுக்கு, உங்கள் மச்சான் லூஷியஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், மாவிஸ், மகள் டெலீஷா மூவரும் சுகம். வீட்டுக் கணப்புக்குத்தான் சுகமில்லை. தங்கை வெர்லீனின் முழங்கால் வலி தேவலையா என்று மாவிஸ் கேட்கச் சொன்னாள். நீங்கள் அனுப்பிய பத்திரிகைத் துண்டு கிடைத்தது. தனியார் கையில் கொடுத்த சார்ட்டர் பள்ளிகள் பெருகினால் நகரத்து அரசுப் பள்ளிகளும் போட்டிக்குப் பயந்து தாமாகவே திருந்திவிடும் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நல்ல தடித்த காகிதம். வெள்ளிக்கிழமை பொரித்த கெளுத்தி மீனின் எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிக்கொண்டது.

நீங்கள் ஓஹாயோவில் புல்வெளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே எங்கள் ஊரைத் திருத்துகிறவர். அதனால் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். எங்கள் தெரு அரசுப் பள்ளியில் போன குளிர்காலத்தில் கணக்கு டீச்சர் வேலையை விட்டுப் போனார். அவர் இடத்துக்கு விளையாட்டு வாத்தியார் வந்து, விளக்கை அணைத்துப் படம் போட்டுக் காட்டினார். சுறாமீன் படத்தை மட்டும் நாலு தடவை பார்த்துவிட்டாள் டெலீஷா. பலசரக்குக் கடையில் கல்லாக்காரிக்கு முன்னாலேயே மொத்தத்தைச் சொல்லுகிற பெண் மாப்பிள்ளை அவள். அடுத்த வருஷம் பெரிய உயர்நிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு எழுதணும், கணக்கு இல்லாமல் அந்த வாசலையே மிதிக்க முடியாது. அந்தப் பயத்தில்தான் உங்கள் பேச்சைக் கேட்டேன். அது என் புத்தி.

அவளைச் சேர்த்த சார்ட்டர் பள்ளிக்கு மேப்பிள் மலை அகாடமி என்று பெயர். மேப்பிள் மரமும் கிடையாது, மலையும் கிடையாது, முன்னால் அது சக்கரச் சறுக்கு மைதானம். இடத்துக்குக் குலுக்கல் போட்டார்கள். தேவாலயத்தில் பிங்கோ ஆடுவோமே, அதே கம்பிக்கூடு, எண் போட்ட அதே பந்துகள். எங்கள் எண் விழுந்ததும் மாவிஸ் கையைத் தூக்கி ஆண்டவரைத் துதித்தாள், பக்கத்தில் இருந்த பெண் தன் மகனை அணைத்துக்கொண்டு அழுதாள், எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. பிறகு சீருடை, அதற்குக் கறுப்பு பெல்ட்தான், பழுப்பு பெல்ட் கட்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்குள் நடைபாதையில் பேசக்கூடாது என்று பிள்ளைகள் கன்னத்தைக் காற்றால் உப்பவைத்துக்கொண்டு வரிசையாக நடக்கணும். பல்வலிக்காரர்கள் ஊர்வலம் மாதிரி இருந்தது. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை நான், ஏனென்றால் அங்கே ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். சின்னப் பையன்தான், ஆனால் பின்னம் சொல்லிக் கொடுத்தால் டெலீஷா ராத்திரிச் சாப்பாட்டில் சோள ரொட்டியை வெட்டி வெட்டி எங்களுக்கு விளக்கினாள். செப்டம்பர் முடியுமுன்னே அவரும் போய்விட்டார். பதிலுக்கு ஒரு கம்ப்யூட்டரும் காதில் மாட்டுகிற கருவியும் கொடுத்தார்கள்.

அக்டோபரில் தலை எண்ணும் நாள் வந்தது. உங்களுக்கு அங்கே அந்தத் திருவிழா உண்டோ என்னவோ. அன்றைக்கு எந்தப் பள்ளியில் எத்தனை தலையோ, அந்தப் பள்ளிக்கு அத்தனை தலைக்கு அரசாங்கப் பணம். காலையில் நான் ஓட்டுகிற பஸ்ஸில் பிள்ளைகள் ஏறினால், ஒரு நிறுத்தத்தில் அரசுப் பள்ளிக்காரர் டோனட் பெட்டியோடு கூப்பிடுகிறார், அடுத்த நிறுத்தத்தில் அகாடமிக்காரர் பீட்சாவும் குலுக்கலில் சைக்கிளும் என்கிறார். பார்த்தால் இரண்டு கோழிக் கடைக்காரர்கள்தான். அன்றைக்கென்று டெலீஷாவுக்கு நல்ல காய்ச்சல். அகாடமி தலைவர் ட்ரெவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார், மாவிஸ்தான் கதவைத் திறந்தாள்.

"பொண்ணு எங்கம்மா?"

"படுத்திருக்கா. உடம்பு நெருப்பா கொதிக்குது."

"சும்மா வந்து ஒக்காந்தா போதும்மா. கம்பளி கொண்டாந்திருக்கேன். பேர் கூப்பிடறப்ப கையத் தூக்கணும், அவ்வளவுதான்."

"கையத் தூக்கத் தெம்பில்லன்னா?"

"நான் தூக்கிவிடறேன்."

நம்புவீர்களா, அந்தக் கரிசனத்தைப் பார்த்து மாவிஸ் உருகிப்போய் அனுப்பிவைத்தாள். டீச்சர்கூட இப்படிப் பிள்ளையைத் தேடி வருவாரா என்றாள்.

மாதக் கடைசியில் அதே ட்ரெவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "உங்க பொண்ணு எங்க ஸ்கூல் பண்பாட்டுக்குப் பொருந்தல சார்." என்ன செய்தாள் என்றேன். வரிசையில் நடக்கும்போது கன்னத்துக் காற்றை விட்டுவிட்டு, புது கணக்கு வாத்தியார் எப்போது வருவார் என்று கேட்டாளாம். மூன்று தரம் கேட்டாளாம். பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது, அவள் தலைக்கு வந்த பணம் அங்கேயே தங்கிவிட்டது. பழைய பள்ளிக்கே கூட்டிப்போனேன். தலைமையாசிரியை பிக்கென்ஸ் அம்மாள் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"வாங்க லூஷியஸ். எண்ணி முடிச்சதும் திருப்பி அனுப்பிட்டாங்களா? இந்த வாரத்துல உங்க பொண்ணு பதினோராவது."

"கணக்குக்கு யாரும்மா?"

"அதே விளையாட்டு வாத்தியார்தான். படம் மாத்தியிருக்கோம்."

இப்போது நீங்களே சொல்லுங்கள், இதுவா ஊரைத் திருத்துகிற லட்சணம்? ஓடாத பஸ் ஒன்று டிப்போவில் நிற்கிறது. அதன் சக்கரத்தைக் கழற்றிப் புது பஸ்ஸுக்கு மாட்டிவிட்டு, பழைய பஸ் ஏன் போட்டிக்கு ஓடவில்லை என்று கேட்கிறீர்கள். புது பஸ்ஸும் பாதி வழியில் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகிறது. இதற்கு நடுவில், டெலீஷாவை உங்கள் வீட்டில் விட்டால் அந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய மனசு. ஆனால் ஒரே பிள்ளையைப் பார்சல் கட்டி அனுப்ப நான் பெற்று வளர்க்கவில்லை. இந்த ஊர் என்னுடையது, இந்தப் பள்ளி என் வரிப்பணம், அவள் இங்கேதான் படிப்பாள். இந்தப் பேச்சை இனி எடுக்கவே வேண்டாம்.

ஆண்டவர் உங்கள் வீட்டையும் புல்வெளியையும் ஆசீர்வதிப்பாராக. வெர்லீனுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
லூஷியஸ் காடி

பி.கு.: உறை ஒட்டுமுன் டெலீஷா இதைப் படித்துவிட்டாள். கோபப்படவில்லை. "மாமா ஊர்ல கணக்கு டீச்சர் வருஷம் முழுக்க இருப்பாங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள். இருப்பார்கள் என்றேன். சனிக்கிழமை கூட்டி வருகிறேன். வாசலிலேயே விட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன், உள்ளே வா என்று கூப்பிடாதீர்கள் மாப்பிள்ளை. உள்ளே வந்து உட்கார்ந்தேன் என்றால் அவளைக் கூட்டிக்கொண்டுதான் எழுந்திருப்பேன்.